மடங்கிய விரல் விரிய மறுத்தால்...

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை பார்க்கப் போயிருந்தேன். கதிர் முற்றிவிட்டதா, மணி உதிர்கிறதா என்பதில்தான் என் கவனம். அறுத்துக் கொண்டிருந்த அம்மா ஒருவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் வலது மோதிர விரலை இழுத்து நிமிர்த்தினார். 'டக்' என்றது. "காலையில இது தானா விரியாதுங்க சார். வெயில் ஏறுனாதான் வழிக்கு வரும்" என்றார். விளைச்சலைக் கணக்கிடும் எங்கள் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

மருத்துவர்கள் இதை 'டிரிக்கர் ஃபிங்கர்' என்கிறார்கள். விரலை மடக்கும் தசைநாண், விரல் தொடங்கும் இடத்தில் ஒரு குறுகிய வளையத்துக்குள் ஓடுகிறது. வளையம் தடித்து நாணும் வீங்கினால், மடக்கிய விரல் திரும்பும்போது சிக்கிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம் வரும். இறுக்கிப் பிடிக்கும் வேலை தொல்லையைக் கூட்டும்.

சாமைத் தாள் மெல்லியதுதான். மழுங்கிய அரிவாளும் ஒல்லியான பிடியும்தான் கையை வதைக்கின்றன. பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் பருமன் கூடும், இறுக்கம் குறையும். போபால் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய 'நவீன்' அரிவாளில் பல் வெட்டு உண்டு; அடிக்கடி சாணை பிடிக்க வேண்டாம். அறுப்பவரை இடையிடையே களத்தில் கதிர் காயவைக்க மாற்றிவிடலாம். கட்டுக் கட்டுவது ஓய்வாகாது, அதுவும் பிடி வேலைதான்.

காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை ஐந்து, பத்து நிமிடம் வைத்து, விரலை மெதுவாக மடக்கி நீட்டலாம். விரலின் அடிமூட்டு மடங்காதபடி மருத்துவர் தரும் பட்டையை ஆறு வாரமாவது அணிய வேண்டியிருக்கும். அதிலும் தீராவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, கடைசியாகச் சிறு அறுவை சிகிச்சை.

நகரங்களில் 'கைரோபிராக்டிக்' சிகிச்சையையும் சொல்கிறார்கள். மூட்டை அசைத்து, தசையைத் தளர்த்தும் இம்முறையில் சிலர் குணமடைந்த விவரங்கள் உண்டு; வலுவான ஒப்பீட்டுச் சான்று இல்லை. சிக்குவது எலும்பல்ல, நாண். எனவே நெட்டி முறிப்பதும் வெடுக்கென இழுப்பதும் வேண்டாம்.

"அறுப்பு முடியட்டும் சார்" என்றார் அந்த அம்மா. முற்றிய சாமையும் காத்திருக்காது, உதிர்ந்துவிடும். அன்று அவர் அரிவாளுக்கு டியூப் சுற்றினோம். ஜமுனாமரத்தூருக்குச் சந்தைக்குப் போகும் நாளில் மருத்துவரிடம் விரலைக் காட்டி, சர்க்கரையும் பார்த்துவிடும்படி சொல்லி வந்தேன். விரல் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் சந்தை நாள் வரை பொறுக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.