கால்வாய்ப் படகில் குளிர்காலம்: சூட்டுக்கு என்ன விலை?

வானொலியில் காலை நிகழ்ச்சி படைக்கும்போது வானிலைச் செய்தி வாசிப்பதும் என் வேலைதான். 'பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்' என்பதைத் தாண்டி அதில் பெரிதாக எதுவும் இருக்காது. கேமரன் மலைக்குப் போனால் ஸ்வெட்டர் போடுவேன். ஸ்டூடியோவில் ஏர்கோன் அதிகமானால் சால்வை போர்த்திக்கொள்வேன். குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடந்த ஜனவரியில் விடுமுறை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டபோது, ஈப்போவில் இருக்கும் பெரியம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "நீ போய் உன் கண்ணால பார்த்துட்டு வா. அவன் அந்தப் படகுல குளிர்ல கிடக்கிறானா, நல்லா இருக்கிறானா? ஒளிக்காம உண்மையைச் சொல்லு."

'அவன்' என்பது பெரியம்மாவின் இளைய மகன். எனக்குத் தம்பி முறை. வயது 29. லண்டனில் கணினித் துறையில் வேலை. குடியிருந்த அறைக்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. தனியாக ஓர் ஒற்றைப் படுக்கையறை வீடு தேடினால் மாதம் 1,500 பவுண்டுக்குக் குறைந்து எதுவும் கிடைக்கவில்லையாம். கையில் இருந்த சேமிப்போடு கொஞ்சம் கடனும் சேர்த்து, பழைய படகு ஒன்றை வாங்கிக் குடியேறிவிட்டான். பெரியம்மாவுக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

அந்தப் படகில் நான் 9 நாள் தங்கினேன். பெரியம்மா கேட்ட கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஏழடி அகல வீடு

இங்கிலாந்தில் இதற்கு நேரோபோட் என்று பெயர். அகலம் 7 அடிக்குள் அடங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் சரக்கும் ஏற்றிச் செல்லக் கால்வாய்கள் வெட்டியபோது, பல மதகுகளை அந்த அகலத்திற்கே கட்டினார்கள். படகும் அதற்கேற்ப ஒடுங்கிவிட்டது. தம்பியின் படகு 57 அடி நீளம். நடுவில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை 'கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அமைப்பு பராமரிக்கிறது. அதற்கு ஆண்டு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். நிரந்தரத் துறை இல்லாத படகுகள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. நான் போனபோது தம்பியின் படகு லண்டனின் வடமேற்கில் ஆல்பர்டனில் நின்றது. பக்கத்திலேயே ஈலிங் ரோடு. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கலாம். அதற்கு முன் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் நின்றதாம்.

இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் வீட்டிற்கு வாடகை இல்லை. ஆனால் மின்கம்பி, எரிவாயுக் குழாய் எதுவும் வராது. சூடு வேண்டுமென்றால் அதை நாமே தூக்கி வந்து, நாமே எரிக்க வேண்டும்.

அடுப்புக்குச் செய்யும் பணிவிடை

படகின் முன்புறத்தில் ஓர் இரும்பு அடுப்பு. முழங்கால் உயரம், கண்ணாடிக் கதவு, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் புகைப்போக்கி. அதில் புகையில்லாக் கரிக்கட்டிகளை எரிக்கிறான். சாதாரண நிலக்கரியை வீட்டு உபயோகத்திற்கு விற்பது இங்கிலாந்தில் 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டது. கரி 25 கிலோ மூட்டையாக வரும். டீசலும் கரியும் எரிவாயு உருளையும் ஏற்றி விற்பதற்கென்றே கால்வாயில் படகுகள் ஓடுகின்றன. தொலைபேசியில் சொல்லி வைத்தால் பக்கவாட்டில் வந்து நின்று மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள்.

காலையில் எழுந்ததும் பசியாறுவதற்கு முன் அடுப்பைக் கவனிக்க வேண்டும். கம்பியால் கிளறிச் சாம்பலை உதிர்த்து, தட்டை வெளியே எடுத்து, புதுக்கரி போட்டு, காற்றுத் திறப்பைச் சரிசெய்வான். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி உடனே படகுக்கு வெளியே வைத்துவிடுவான். அணைந்ததுபோல் தெரியும் சாம்பலிலும் கங்கு இருக்கும். அதிலிருந்தும் நச்சுக்காற்று வரும். இரவில் அடுப்பை நிரப்பி, காற்றைக் குறைத்து வைத்தால் விடியும் வரை கங்கு தாங்கும்.

அப்படியும் சூடு படகு முழுக்கப் பரவாது. அடுப்புக்குப் பக்கத்தில் 26 பாகை காட்டினால், கடைசியில் உள்ள படுக்கையறையில் 14 பாகைதான். தலைக்கு மேலே புழுக்கம், காலுக்குக் கீழே பனிக்கட்டி. அடுப்பின் மேல் ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், அடுப்புச் சூட்டிலேயே ஓடும். சூட்டைக் கொஞ்சமாவது பின்னால் தள்ளுவது அதுதான்.

டீசலில் ஓடும் ஹீட்டரும் உண்டு. பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது பற்றிக்கொள்ள பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் இழுக்கும். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் வெளிச்சம் 8 மணி நேரம்கூட இருக்காது. கூரையிலுள்ள சூரியத் தகடுகள் பெயருக்குத்தான். பேட்டரி இறங்கினால் ஹீட்டர் எழாது. அதனால் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அதை ஓட்டுகிறான்.

கணக்கு நோட்டு என்ன சொல்கிறது?

தம்பி ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறான். ஜனவரிப் பக்கத்தைக் காட்டினான். கரி 13 மூட்டை, மூட்டை 17 பவுண்டு வீதம் 221 பவுண்டு. சுள்ளியும் நெருப்பு மூட்டும் கட்டிகளும் 18 பவுண்டு. ஹீட்டருக்கு டீசல் 25 லிட்டர், 33 பவுண்டு. மொத்தம் 272 பவுண்டு. நம் காசில் ஏறத்தாழ 1,500 வெள்ளி. சமையல் எரிவாயு இதில் சேராது.

கேட்டவுடன் எனக்குத் தலை சுற்றியது. அவன் சிரித்தான். "இது ஜனவரி அக்கா. மே மாசத்துல இந்தப் பக்கம் வெறும் தாளா இருக்கும். வாடகையோட சேர்த்துப் பார்த்தா இன்னும் லாபம்தான். ஆனா காசு மட்டும் கணக்கு இல்ல. வேலை முடிஞ்சு யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டா, எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அடுப்புதான்."

அடுப்பு அணைந்துபோன படகு சில மணி நேரத்தில் சில்லிட்டுவிடும். மறுபடி சூடாக்க ஒரு மாலைப்பொழுதே போய்விடும். குளிர்காலத்தில் இரண்டு வாரம் ஊருக்கு வருவதென்றால் தண்ணீர்க் குழாய்களை முழுக்க வடித்து, பைப்புகளைத் திறந்து வைத்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். பொங்கலுக்கு ஏன் வருவதில்லை என்ற பெரியம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

நான் போன நான்காம் நாள் கால்வாயின் மேல் கண்ணாடிபோல் பனி படர்ந்தது. தடித்துவிட்டால் கரிப்படகும் வராது என்பதால் எப்போதும் நான்கு மூட்டை கையிருப்பு வைத்திருக்கிறான். 1962-63 குளிர்காலத்தில் இந்தக் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. ஏற்கெனவே நலிந்திருந்த சரக்குப் படகுத் தொழில் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

மிச்சம் பிடிக்கப் போய்...

முதல் குளிர்காலத்தில் அவன் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொன்னான். கரைப் பாதையில் விழுந்து கிடந்த மரக்கிளைகளை 'இலவச விறகு' என்று எடுத்து எரித்தானாம். பச்சை விறகு புகைந்து, புகைப்போக்கிக்குள் கீல் படிந்து, கூரையில் கறுப்பாக வழிந்தது. எரிப்பதற்கான விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்ததாம். மலிவாகக் கிடைத்த நீல நிற எரிவாயு உருளையை வாங்கினான். அதில் இருப்பது பியூட்டேன். உறைநிலையை நெருங்கும் குளிரில் அது வாயுவாக மாறுவதே இல்லை; ஒரு காலையில் தேநீருக்குக்கூட அடுப்பு எரியவில்லை. இப்போது சிவப்பு உருளைதான், புரோப்பேன்.

அடுத்தது ஈரம். இரும்பு உடலும் ஒற்றைக் கண்ணாடிச் சன்னலும் கொண்ட படகில், மூச்சுக்காற்றிலிருந்து ரசம் கொதிக்கும் ஆவி வரை எல்லாம் குளிர்ந்த இடத்தில் நீராகப் படியும். சூடு வெளியே போகக்கூடாது என்று எல்லாவற்றையும் இறுக்க மூடி வைத்ததில் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது காலைதோறும் சன்னல்களைத் துடைத்துத் துணியைப் பிழிகிறான். மூடி போட்டுத்தான் சமைக்கிறான். ஈரத்துணியை உள்ளே காயப் போடுவதில்லை.

இதையெல்லாம் கேட்டும் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

அதிகாலை 3.20

நான் படுத்தது அடுப்புக்குப் பக்கத்துச் சோபாவில். முன்கதவின் கீழே சின்னச் சின்னத் துளைகள் உள்ள ஒரு தகடு. அது வழியாகக் குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஆறாம் நாள் இரவு தம்பி தூங்கிய பிறகு, ஒரு துண்டை எடுத்து அந்தத் துளைகளை அடைத்தேன். கரி வீணாகாமல் இருக்குமே என்ற நினைப்பும் இருந்தது. அன்றுதான் கதகதப்பாகத் தூங்கினேன்.

அதிகாலை 3.20க்கு அலாரம் அலறியது. அது கார்பன் மோனாக்சைடு அலாரம். "அக்கா, எழுந்து வெளிய போங்க! எதையும் எடுக்காதீங்க, வெளிய போங்க!" என்று கத்திக்கொண்டே தம்பி ஓடி வந்து கதவுகளைத் திறந்தான். எழுந்து நின்றபோது கால் தள்ளாடியது. தலை கனத்தது. கம்பளிச் சட்டையும் காலுறையுமாக உறைந்த கரைப் பாதையில் நின்றோம். அப்போதும் அது குளிர் தரும் தலைவலி என்றுதான் நினைத்தேன்.

மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு அளவு சற்றே கூடியிருந்தது. ஆக்சிஜன் கொடுத்து, காலையில் அனுப்பிவிட்டார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. இங்கிலாந்தில் தங்கும் வசதியுள்ள படகுகளில் இந்த அலாரம் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சான்றிதழ் விதி. அந்தச் சான்றிதழை 4 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

காலையில் அடுப்பைச் சோதித்தபோது காரணம் ஒன்றல்ல, மூன்று என்று தெரிந்தது. புகைப்போக்கியில் கரி படிந்திருந்தது. அடுப்புக் கதவைச் சுற்றி இறுக்கமாக அடைக்கும் தீத்தாங்குக் கயிறு நைந்திருந்தது. அன்று காற்றே இல்லாத இரவு என்பதால் புகை மேலே ஏறத் திணறியது. இந்த நிலையில் உள்ளே வரும் காற்றையும் நான் துண்டால் அடைத்துவிட்டேன்.

கயிறும் பசையும் 14 பவுண்டு. அதை மாற்றுவதை நவம்பரிலிருந்து 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளிப் போட்டிருக்கிறான் தம்பி. அன்றே மாற்றினான், புகைப்போக்கியைத் தேய்த்துக் கழுவினான். எங்களைக் காப்பாற்றிய அலாரத்தின் விலை 20 பவுண்டு சொச்சம். ஒன்றரை மூட்டைக் கரிக்கும் குறைவு.

படகில் குடியேற நினைக்கும் இளையர்கள் நம்மிடையேயும் இருக்கலாம். வாடகையில் மிச்சம் பிடிக்கலாம், அது உண்மை. ஆனால் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி சூட்டுக்கு என்று எடுத்து வைத்துவிட வேண்டும். காய்ந்த எரிபொருள், பருவம் தொடங்கும் முன் சுத்தம் செய்த புகைப்போக்கி, நல்ல கயிறு, அடுப்பறையிலும் படுக்கையறையிலும் அலாரம், எந்தக் குளிரிலும் அடைக்காத காற்றுத் துளை. இவற்றில் கைவைத்துச் சிக்கனம் செய்யக்கூடாது.

பெரியம்மாவுக்கு என்ன சொல்வது?

அலாரம் அடித்ததைப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் இருவரும் முடிவு செய்தோம். ஊர் திரும்பியும் எனக்கு மனசு ஒப்பவில்லை. இதை எழுதப் போகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எழுதுங்க அக்கா. அம்மா ஞாயிற்றுக்கிழமை பேப்பரை ஒரு எழுத்து விடாம படிப்பாங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்" என்றான்.

அவன் சொல்லிய அன்று மாலையே பெரியம்மா என்னை அழைத்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் விறகடுப்போடு வளர்ந்தவர்.

"பிள்ளை பெத்தவ அறையில கரிச்சட்டி வச்சா, எவ்வளவு மழை பேஞ்சாலும் சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்கச் சொல்லுவாங்க எங்கம்மா. படிக்காதவங்க. நீ மைக்குல ஊருக்கே புத்தி சொல்றவ, துண்டை வச்சு அடைச்சியா?"

நான் பதில் பேசவில்லை.

"சரி, அவன் குளிர்ல கிடக்கிறானா?"

"இல்ல பெரியம்மா. கஷ்டப்பட்டுத்தான் சூடாக்கிக்கிறான். ஆனா நல்லா இருக்கான்."

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கதவுக் கயிறு வருஷா வருஷம் மாத்தணுமா? எந்த மாசம்னு கேட்டுச் சொல்லு. நான் ஞாபகப்படுத்துறேன்" என்றார்.

அக்டோபர் என்று சொல்லியிருக்கிறேன். ஈப்போ வீட்டு நாள்காட்டியில் குறித்தாகிவிட்டது.