பெங்களூர் வரும் கதிர்க்குருவிகள்: எது எது என்று கண்டுகொள்வது எப்படி?

புரட்டாசி பிறந்ததும் லால்பாக் மரங்களில் ஒரு புதுக் குரல் கேட்கத் தொடங்கும். "சிஸ்-வீ, சிஸ்-வீ" என்று இலைகளுக்குள்ளிருந்து வரும். அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழுத்து வலிக்கும்வரை நின்றால், சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு பறவை, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில், கிளைக்குக் கிளை தாவிப் பூச்சி பொறுக்குவது புலப்படும். அதன் எடை 8 கிராம் இருந்தால் அதிகம். இமயமலையிலும் அதற்கு அப்பால் சைபீரியா வரையிலும் குஞ்சு பொரிக்கும் இனம் அது. ஆங்கிலத்தில் கிரீனிஷ் வார்ப்ளர் என்பார்கள். நாம் பச்சை இலைக் கதிர்க்குருவி என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம்மைப் போல இதுவும் பிழைப்புக்காக வந்ததுதான். ஒரே வித்தியாசம், சித்திரையில் தவறாமல் ஊர் திரும்பிவிடும். நமக்குப் பொங்கலுக்கு நாலு நாள் லீவு கிடைப்பதே பெரும்பாடு.

இந்தக் குருவியோடு அதே ஜாடையில் வேறு சில இனங்களும் வருவதுதான் சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் கப்பன் பார்க்கில் ஒன்றைப் படம் பிடித்தேன். அலகு நீளமாகத் தெரிந்தது. "பெரிய அலகு இலைக் கதிர்க்குருவி" என்று குறித்து நண்பர்களுக்கெல்லாம் காட்டினேன். அனுபவமுள்ள ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "குரல் கேட்டீங்களா சார்?" கேட்கவில்லை. அன்றைய பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

குரல்தான் முதல் சாட்சி. இதைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார். ஒரே குருவி என்று பலரும் நினைத்திருந்ததை, பாட்டைக் கேட்டே மூன்று இனம் என்று பிரித்து 1768-ல் கடிதம் எழுதினார். அவரிடம் பைனாகுலரும் கிடையாது, காமிராவும் கிடையாது.

பச்சை இலைக் கதிர்க்குருவியின் குரல் இரண்டு அசையும் ஒட்டிக்கொண்டு சட்டென்று முடிந்துவிடும். பெரிய அலகுக்காரனோ "டர்-டீ" என்று விசில் அடிப்பான். இரண்டாவது சுரம் ஏறும். இரண்டு நாள் காது கொடுத்துவிட்டால் பிறகு மறக்காது. குரல் கிடைக்காதபோது அலகின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். முன்னதற்கு அது வெளிறி இருக்கும். பின்னதற்குப் பெரும்பகுதி கறுத்து, அடியில் மட்டும் வெளுத்திருக்கும். இறக்கையில் உள்ள மெல்லிய வெள்ளைக் கோட்டை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். இறகு தேயத் தேயக் கோடும் தேய்ந்து, பங்குனி வாக்கில் சுத்தமாக மறைந்துபோவதும் உண்டு.

மரத்தின் மேலே இல்லாமல், கீழே வேலியிலும் உண்ணிச்செடிப் புதரிலும் "டக்... டக்" என்று நாக்கைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தால் அது வேறு ஆள். உடம்பெல்லாம் மங்கிய பழுப்பு, தட்டையான நெற்றி, நீண்ட அலகு. பிளித் நாணல் கதிர்க்குருவி என்று பெயர். பெயரில்தான் நாணல்; பெங்களூரில் இது இருப்பதெல்லாம் தோட்ட வேலிகளில். 1841 முதல் கல்கத்தா ஏஷியாடிக் சொசைட்டி மியூசியத்தைக் கவனித்துக்கொண்ட எட்வர்ட் பிளித் 1849-ல் இதை விவரித்தார். பின்லாந்து, ரஷ்யா பக்கத்திலிருந்துகூட இந்தியாவுக்கு வருகிறது. ஏரிகளின் கோரைக்குள் கரகரவென்று பெருங்கூச்சல் போடும் பெரிய நாணல் கதிர்க்குருவி இன்னொன்று. அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு, செம்பழுப்பு உச்சந்தலையோடு பூந்தொட்டிகளுக்கிடையே திரியும் தையல்சிட்டோ நம் உள்ளூர்க்காரன்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு கதை சொல்கிறேன். 1867-ல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஹியூம் என்ற அதிகாரி ஒரு நாணல் கதிர்க்குருவியைப் பிடித்தார். ஆம், காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான். பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி என்ற அந்த இனம் அதற்குப் பிறகு 139 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒற்றைப் பறவை ஒரு தனி இனமே அல்ல என்றுகூடச் சந்தேகித்தார்கள். 2006 மார்ச்சில் தாய்லாந்தில் பிலிப் ரவுண்ட் என்பவரின் வலையில் ஒன்று சிக்கியது. இறகை மரபணுச் சோதனை செய்ததில் ஹியூம் பிடித்த அதே இனம் என்று உறுதியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதன்பின் மியூசியங்களின் இழுப்பறைகளைக் குடைந்தபோது மேலும் பல பறவைகள் அகப்பட்டன. பிளித் நாணல் கதிர்க்குருவி என்றே பலவற்றுக்குச் சீட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்! தவறான சீட்டுக்குள் ஓர் இனமே காணாமல் போயிருந்தது.

இன்று அந்தச் சீட்டை எழுதுகிறவர்கள் நாம்தான். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த பட்டியல்களைக் கொண்டு 942 இனங்களின் நிலையை ஆராய்ந்தது. எது குறைகிறது, எது காக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் தெரிய வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டுப் புத்தகத்தோடு வரும் குமாஸ்தாவின் ஒரு வரியும் அதில் சேரும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரநிழலில் இலையின் பச்சை, பழுப்புப் பறவையின் மேலும் படிந்துவிடும். மொபைல் போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை வேறு கூட்டிவிடும். நேருக்கு நேர் எடுத்தால் நீண்ட அலகு குட்டையாகும். நான் மாட்டிக்கொண்டதுபோல், கோணம் மாறினால் சாதாரண அலகும் நீளும். ஆகவே ஒரு படத்தோடு நிற்காமல் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் ஐந்தாறு எடுங்கள். கூடவே போனில் குரலையும் பதிவு செய்யுங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் வந்திருக்கின்றன. அவற்றின் பதிலை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு பார்த்தும் பிடிபடாவிட்டால் "இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று எழுதலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பதிவு செய்த குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்க மட்டும் முயல வேண்டாம். பச்சை இலைக் கதிர்க்குருவி குளிர்காலத்தில் தனக்கென ஓர் எல்லை பிடித்து, வேறு குருவி நுழையாமல் காக்கிறது என்று டிரெவர் பிரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1981-ல் எழுதினார். உங்கள் போன் கத்தினால் எதிரி வந்துவிட்டதென்று பாவம் அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். காலை ஏழு மணிக்குப் போய், ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் சும்மா நின்றாலே போதும், அதுவாகவே குரல் கொடுக்கும்.