குடலுக்குள் குடல்

முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது அதன் கை உட்பக்கமாகச் செருகிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் வயிற்றினுள்ளும் சில சமயம் இப்படி நேர்வதுண்டு. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடும். இதுவே 'குடல் செருகல்'. மருத்துவர்கள் இதனை 'இன்டஸ்ஸசெப்ஷன்' என்பர்.

இது எப்படி நிகழ்கிறது? குடல் தசைகள் அலை அலையாகச் சுருங்கி உணவை முன்னே தள்ளுகின்றன. குடலின் உட்சுவரில் ஒரு கட்டி இருந்தால், அலை அதையும் உணவைப் போலவே தள்ளும். கட்டியுடன் ஒட்டிய சுவரும் உள்ளே இழுபடும். சுவருக்கு இரத்தம் தரும் குழாய்களும் கூடவே சிக்கி நசுங்கும். சிரைகளில் இரத்த அழுத்தம் குறைவு. ஆகவே அவை முதலில் அடைபடும். வந்த இரத்தம் திரும்ப வழியின்றிக் குடல் வீங்கும். பிறகு தமனிகளும் அடைபட, அப்பகுதி அழுகத் தொடங்கும். இது உயிருக்கே ஆபத்து.

இந்நோய் பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. அவர்களில் பலருக்குக் கட்டி எதுவும் இருப்பதில்லை. ஆசனவாய் வழியே திரவத்தையோ காற்றையோ செலுத்தினால், அந்த அழுத்தமே செருகலை விடுவித்துவிடும். திரவப் பையைச் சுமார் 1 மீட்டர் உயரத்தில் தொங்கவிடுவார்கள். 1 மீட்டர் நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்! டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்புருங் 1876-இலேயே இம்முறையைப் பற்றி எழுதினார். இது பலிக்காதபோது அறுவை சிகிச்சை தேவைப்படும். லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் 1871-இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை அவ்வாறு காப்பாற்றினார்.

பெரியவர்களுக்கும் இதே அழுத்தம் போதாதா? போதாது. நூறு குடல் செருகல்களில் ஏறத்தாழ ஐந்தே பெரியவர்களுக்கு வருபவை. ஆனால் அவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்குக் கட்டி போன்ற ஒரு காரணம் இருக்கும். செருகலை விடுவித்தாலும் காரணம் உள்ளேயே தங்கிவிடும். பெருங்குடலில் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எனவே அங்கு செருகலைப் பிரிக்க முயலாமல், அப்பகுதியை முழுமையாக வெட்டியெடுத்து, இரு முனைகளையும் இணைப்பதே வழக்கம். பிரிக்க முயன்றால் புற்றணுக்கள் பரவக்கூடும். நலிந்த குடல் கிழியவும் கூடும்.

சிறுகுடலிலோ சாதாரணக் கட்டிகளே மிகுதி. குடல் உயிரோட்டத்துடன் இருந்தால் முதலில் செருகலை மெல்ல விடுவித்து, பிறகு கட்டியுள்ள சிறு பகுதியை மட்டும் நீக்கலாம். இதனால் குடலின் நீளம் வீணாகாது. விடுவிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே போன குடலைப் பிடித்து இழுக்கக் கூடாது. பற்பசைக் குழாயை அழுத்துவது போல, மறுமுனையிலிருந்து பின்னோக்கித் தள்ள வேண்டும். குடலின் நிறம் மீண்டும் இளஞ்சிவப்பாகி, அசைவும் திரும்பினால் அது பிழைத்துவிட்டது என்று பொருள்.

நோயைக் கண்டறிய உதவுவது சி.டி. ஸ்கேன். குறுக்கே வெட்டிய வெங்காயம்போல் அதில் வளையத்துக்குள் வளையம் தெரியும். வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாகத் தென்படும் சிறு செருகல்கள் சில, தாமாகவே விலகிவிடும். அவற்றுக்குக் கத்தி வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு இந்த வலி விட்டுவிட்டு வருவதால் பலர் அதை வாயுத் தொல்லை என்று தள்ளிப்போடுகிறார்கள். வீட்டில் யாருக்கேனும் வயிற்றுவலி திரும்பத் திரும்ப வந்தால், வாந்தியோ மலத்தில் இரத்தமோ சேர்ந்தால், பேதி மருந்து கொடுக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.