பூட்டும் திறவுகோலும்

ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பச்சைத் தோல்கள் உப்பிடப் பெற்றே வருகின்றன. உப்பு, தோலிலுள்ள நீரை ஈர்த்து, அஃது அழுகாவண்ணம் காக்கும். திருப்பத்தூர் மாவட்டத்தார் நன்கறிந்த செய்தி இது. உயிரோடு உலவும் விலங்கின் உடலிலும் உப்புக்கு ஓர் அளவுண்டு. அவ்வளவு தப்பினால் உடல் தளரும்.

அவ்வளவைக் காப்பனவற்றுள் ஒன்று அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளில் அது சுரக்கின்றது. 1953-ஆம் ஆண்டில் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெயிட் முதலிய அறிஞர் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். அது குருதியிற் கலந்து உடலெங்கும் செல்லினும், தனக்குரிய ஏற்பி அமைந்த உயிரணுக்களிலேயே வினைபுரியும். ஏற்பி என்பது ஒரு புரதம். அதனைப் பூட்டு எனலாம்; ஹார்மோன் அதன் திறவுகோல். பூட்டுத் திறந்தால், சிறுநீரோடு கழிய இருந்த உப்பைச் சிறுநீரகம் குருதிக்கே மீட்டுத் தரும்.

இங்கே ஓர் ஐயம் எழும். திறவுகோல் இல்லாத பூட்டினாற் பயனில்லை. பூட்டு இல்லாத திறவுகோலும் வெறும் இரும்புத் துண்டே. ஒன்றையன்றி ஒன்று பயன்படாத இவ்விரண்டும் உயிர்களின் நெடிய வரலாற்றில் எங்ஙனம் தோன்றின? இவற்றுள் முந்தியது யாது?

அமெரிக்க நாட்டு ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் தார்ண்டனும் அவர்தம் குழுவினரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். லாம்ப்ரே முதலிய தாடையற்ற மீன்களில் இவ்வகை ஏற்பி ஒன்றே உண்டு. நம்மிடத்தோ இரண்டு உள்ளன; ஒன்று அல்டோஸ்டிரோனை ஏற்பது, மற்றொன்று கார்ட்டிசோல் என்னும் வேறொரு ஹார்மோனுக்கு உரியது. பண்டை முன்னோரிடம் ஒன்றாயிருந்த மரபணு பின்னர் இரட்டித்தமையே இதற்குக் காரணம்.

ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி மூலபாடம் இன்னதெனத் துணிவது தமிழ்ப் பதிப்பாசிரியர் நெறி. 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அவ்வாறு உழைத்தவரே. தார்ண்டன் குழுவினர்க்கு இன்றைய விலங்குகளின் ஏற்பிகளே சுவடிகளாயின. அவற்றை ஒப்பிட்டு, ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மூல ஏற்பியின் அமைப்பைக் கணித்தனர். கணித்ததோடு நில்லாது அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, இயக்கியும் பார்த்தனர். பதிப்பாசிரியர் எவர்க்கும் வாய்க்காத பேறு இது!

2006-இல் வெளிவந்த முடிவு வியப்பிற்குரியது. மூல ஏற்பி அல்டோஸ்டிரோனுக்கு இணங்கியது. அந்த ஹார்மோனோ, நாற்கால் விலங்குகளின் குடிவழியில் நெடுங்காலம் கழித்தே தோன்றியது. ஆகவே பூட்டே முந்தியது. வடிவில் அதனை ஒத்த தொன்மையான வேறொரு ஹார்மோனுக்காக இருந்த பூட்டில், பின்வந்த திறவுகோலும் பொருந்திக்கொண்டது.

மற்றை ஏற்பி கார்ட்டிசோலுக்கு உரியதாவதற்கு, அப்புரதத்தின் அமினோ அமிலங்களுள் இரண்டு மாறியமை முதன்மையான காரணமாயிற்று. ஓரிடத்துச் செரீன் புரோலீனாயிற்று. பிறிதோரிடத்து லியூசின் குளுட்டமினாயிற்று. பின்னது தனியே நிகழின் ஏற்பி ஏறக்குறையச் செயலற்றுப்போம். முன்னது நிகழ்ந்தபின் வரின், அதுவே அல்டோஸ்டிரோனை விலக்கிக் கார்ட்டிசோலை ஏற்கச் செய்யும்.

சென்ற வழியே மீளவும் முடியுமோ எனவும் அக்குழுவினர் ஆராய்ந்தனர். புதிய தன்மையைத் தந்த மாற்றங்களைப் பழையபடி திருப்பியபோது ஏற்பி பழைய நிலையை எய்தவில்லை; செயலையே இழந்தது. இடைக்காலத்தில் நேர்ந்திருந்த வேறு 5 சிறு மாற்றங்கள் வழியை அடைத்துவிட்டன என்பதை 2009-இல் வெளியிட்டனர்.