தரையில் அமர்ந்த தலைவி

ஊராட்சி மன்றக் கூட்டம் நடக்கிறது. உறுப்பினர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் யார்? அந்த ஊராட்சியின் தலைவி!

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டித் தெற்கே போனால் சிதம்பரம். அதற்கு அருகே, புவனகிரி ஒன்றியத்தில் இருக்கிறது தெற்குத்திட்டை. 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே நடந்த சம்பவம் இது.

ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி அது. ஊர் மக்களிடம் ஓட்டு வாங்கித்தான் அந்தப் பெண் தலைவி ஆனார். ஆனால் நாற்காலி கிடைக்கவில்லை. தேசியக் கொடி ஏற்றவும் தம்மை விடவில்லை என்று அவர் கூறினார்.

படம் பேசியது

அக்டோபர் மாதம் அந்தக் கூட்டத்தின் படம் வெளியே வந்தது. நாடெங்கும் பரபரப்பு!

மாவட்ட நிர்வாகம் விசாரித்தது. ஊராட்சிச் செயலாளர் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் மீதும் துணைத்தலைவர் மீதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி போலீசார் வழக்குப் போட்டனர்.

யார் பெரியவர்?

செயலாளர் அரசு சம்பளம் வாங்குகிறவர். கணக்கு எழுதுவதும், தீர்மானப் புத்தகத்தைப் பாதுகாப்பதும் அவர் வேலை. தலைவரோ மக்கள் அனுப்பியவர். 1994-ம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், நிர்வாகப் பொறுப்பைத் தலைவரிடமே கொடுத்திருக்கிறது.

ஆனால் சட்டம் ஒரு பூட்டும் போட்டிருக்கிறது. பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவருடைய கையெழுத்தும் வேண்டும். பணத்தை ஒருவரே எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. இருவருக்கும் ஆகாவிட்டால் என்ன ஆகும்? தெருவிளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது. கஷ்டம் ஊருக்குத்தான்.

வழி என்ன?

சண்டை போட்டுப் பயனில்லை. குறையை எழுத்தில் கொடுக்கவேண்டும். முதலில் வட்டார வளர்ச்சி அலுவலர். பிறகு மாவட்ட ஆட்சித்தலைவர். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவரே.

எல்லாருக்கும் மேலே கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு 6 முறை அது கூடவேண்டும். கணக்கு எங்கே என்று அங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டில், ஆதிதிராவிடத் தலைவர்கள் சுதந்திர தினக் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சித்தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

கொடி ஏற்றக் கடிதம் வந்தது. நாற்காலிக்குக் கடிதம் எதற்கு? கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் எழுந்து, “அம்மா, இப்படி உட்காருங்கள்” என்று சொல்லியிருந்தால் போதுமே!