கூடும் ஒரு வீடே!

தெல்லிப்பழை ஒழுங்கைகளில் காலாற நடந்து பாருங்கள். வேலியோர இலைகளைத் தைத்துக் கூடமைக்கிறது தையல்சிட்டு. பனையோலையில் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூடு பின்னும். பெண்குருவி பார்த்து ஏற்றால்தான் மீதியை முடிக்கும்.

1990இல் போரால் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு வடபுல முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டனர். 2009க்குப் பின் கட்டங்கட்டமாகத் திரும்பியோரை வரவேற்றவை பற்றை மண்டிய வளவுகளே.

பிடித்த குஞ்சுகளைத் தாய்ப்பறவையிடமே விட்டுவிடும்படி தோழர்களைப் பணித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். எனவே பற்றை வெட்டுமுன், வேலி அடைக்குமுன் கூடு உண்டா என்று பாருங்கள். முட்டையிட்டுக் குஞ்சு பறக்கத் தையல்சிட்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே போதும். வீடிழந்த வேதனையை அறிந்த நாம் அதுவரை பொறுக்கக் கூடாதா?