பெயர் சொல்லி அழைக்க ஒரு குரல்

முதுமையில் மனிதனை வாட்டும் துன்பங்களுள் நோயைக் காட்டிலும் கொடியது எது என்று கேட்டால், தனிமை என்றே பெரியவர்கள் பலர் விடை பகர்வார்கள். அந்தத் தனிமையை உலகின் பெரும்பகுதி ஒரே வேளையில் சுவைத்த ஆண்டு 2020. இந்தியாவில் மார்ச் 25 முதல் 21 நாட்களுக்கு என்று தொடங்கிய ஊரடங்கு, மே மாத இறுதி வரை நீண்டதை அன்பு வாசகர்களாகிய நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 65 வயதைக் கடந்தோர், இன்றியமையாத தேவையோ மருத்துவக் காரணமோ இருந்தாலன்றி வெளியே வரலாகாது என்று அரசு அறிவுறுத்தியது. இளையோருக்குக் கைப்பேசி துணையாயிற்று. வீட்டுப் பெரியவர்களுக்கு எது துணையாயிற்று?

இவ்வினாவிற்கு ஒரு விடை, கடல் கடந்த பிரிட்டனில், ஒரு பழைய பொழுதுபோக்கைக் கைவிடாதிருந்த முதியவர்களின் அன்றாட வாழ்வில் கிடைக்கிறது. அமெச்சூர் ரேடியோ என்பது அந்தப் பொழுதுபோக்கின் பெயர். அதில் ஈடுபடுவோரை 'ஹாம்' என்று சுருக்கமாக அழைப்பார்கள்.

யார் இந்த ஹாம்கள்?

வாணிப நோக்கம் சிறிதுமின்றி, தேர்வெழுதித் தேறி, அரசின் உரிமம் பெற்று, தம் வீட்டிலிருந்தே வானொலி அலைகள் வழியே பிறரோடு உரையாடுபவர்களே ஹாம்கள். ஒருவருக்கு அளிக்கப்படும் அழைப்புக் குறி அவருக்கே உரியது. ஜோர்தான் மன்னர் ஹுசைன் அவர்கள் 1999இல் மறையும் வரை 'ஜே.ஒய்.1' என்னும் குறியால் உலகெங்குமுள்ள ஹாம்களுக்கு அறிமுகமாகியிருந்தார். நம் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் குறி 'வி.யு.2 ஆர்.ஜி.' என்பது. பெரும் பதவியிலிருப்போரும் ஓய்வு பெற்ற எளிய ஊழியரும் ஒரே அலைவரிசையில் சமமாக அமரும் அவை இது.

இது வேலையற்றோரின் வீண் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் மௌனித்தபோது, அங்கு ஹாம் ஒலிபரப்புக்காகச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தம் கருவியின் வழியே தீவுகளின் செய்திகளை வெளியுலகிற்கு எடுத்துச் சென்றார்.

அடைபட்ட வீட்டில் ஒரு நாள்

பிரிட்டனில் 2020 மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அத்தியாவசியப் பொருள் வாங்கவும், மருத்துவத்திற்கும், நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சிக்கும், வீட்டிலிருந்து செய்ய இயலாத பணிக்கும் மட்டுமே வெளியே செல்லலாம். எழுபதைக் கடந்தோர் இன்னும் கண்டிப்பாக விலகியிருக்க வேண்டும். ஹாம் சங்கங்கள் வாரந்தோறும் கூடிய அரங்குகள் பூட்டப்பட்டன. பழைய கருவிகளை விற்கவும் வாங்கவும் கூடும் சந்தைகளும் நின்றன.

மனைவியை இழந்து தனித்து வாழும் எழுபத்தைந்து வயது ஹாம் ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். காலையில் தேநீர்க் கோப்பையுடன் கருவியின் முன் அமர்கிறார். பேசுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது இக்கலையின் முதல் ஒழுக்கம். எனவே அலைவரிசையில் யார் இருக்கிறார் என்று செவி கொடுக்கிறார். பின்னர்த் தம் குறியைச் சொல்லி அழைக்கிறார். பதில் வந்தால், நேரத்தையும் குறியையும் ஒலியின் தெளிவையும் பதிவேட்டில் எழுதுகிறார். நண்பகலில் சால்டரிங் கருவியைச் சூடாக்கி, பல ஆண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்த பழைய பெட்டியைப் பழுது பார்க்கிறார். மாலையில் தோட்டத்து மரத்தில் கட்டிய கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். செய்வதற்கு ஒரு வேலையும், அவ்வேலைக்கு ஓர் ஒழுங்கும் இருக்கும் மனிதருக்கு நாளின் நீளம் பாரமாவதில்லை.

வானும் அவ்வேளையில் ஒரு படிப்பினை தந்தது. கதிரவனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகியும் குறைந்தும் வரும். அவை மிகக் குறைந்த நிலை 2019 டிசம்பரில் நேர்ந்தது. கரும்புள்ளிகள் குறைந்தால், சிற்றலையின் உயர்ந்த அதிர்வெண்களில் தொலைதூர நாடுகளை எட்டுவது கடினமாகும். ஆனால் 3.5 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்களில், மேல்நோக்கிச் செல்லும் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருப்போருக்குக் கேட்கும். தொலைதூரம் எட்டாத காலத்தில், அண்டையில் இருப்போரோடு பேசும் வாய்ப்பு எஞ்சியிருந்தது!

வருகைப் பதிவு

குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் பலர் கூடிப் பேசுவதை ஹாம்கள் 'நெட்' என்பார்கள். நடத்துபவர் ஒவ்வொருவரின் குறியையும் சொல்லி அழைப்பார்; அழைக்கப்பட்டவர் பதிலளிப்பார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு போன்றதுதான். நோய் பரவிய நாட்களில் இந்த எளிய வழக்கத்திற்குப் புதியதொரு பொருள் உண்டாயிற்று. நாள்தோறும் வரும் குரல் ஒன்று இன்று வரவில்லையென்றால், அதைக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். தொலைபேசியில் அழைத்து, "நலமா?" என்று வினவ ஒரு காரணம் இருந்தது.

1913இல் தோன்றிய பிரிட்டனின் ரேடியோ சங்கம் இதன் அருமையை உணர்ந்து, அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையுடன் இணைந்து 2020 ஏப்ரலில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 'கெட் ஆன் தி ஏர் டு கேர்' என்பது அதன் பெயர். அக்கறை காட்ட அலைவரிசைக்கு வாருங்கள் என்பது பொருள். உரிமம் பெற்றிருந்தும் கருவியைத் தொடாமல் இருந்தோர் மீண்டும் வந்து பேச வேண்டும், தனித்திருப்போரை விசாரிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். உரிமத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதவும் சங்கம் வழி செய்தது.

அமெரிக்காவிலும் இவ்வுணர்வு வெளிப்பட்டது. ஜூன் மாதந்தோறும் ஹாம்கள் திறந்தவெளியில் கூடாரமடித்துக் கூட்டமாகச் செயற்படும் 'ஃபீல்டு டே' என்னும் நிகழ்ச்சி அங்கு உண்டு. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் நிலையங்கள் தமக்குள் தொடர்பு கொண்டால் அதில் மதிப்பெண் கிடையாது என்பது அதுவரை இருந்த விதி. 2020இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. வீட்டிலிருந்தோரும் முழுமையாகப் பங்குபெற்றார்கள்.

வானொலி அலை நோயைத் தீர்க்காது; மருந்தைக் கொண்டுவந்து தராது. மறைந்த ஹாமை 'சைலன்ட் கீ', அதாவது ஓசையடங்கிய விசை என்று குறிப்பது அவர்களது மரபு. ஆயினும் ஒரு விசை அடங்கியதை உடனே உணரும் தோழர்கள் இருப்பது சிறிய பேறன்று.

நம் இல்லங்களில்

சகோதர சகோதரிகளே! நம் இல்லங்களிலும் வாப்பாவோ நன்னாவோ பழைய நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் சேர்த்து வைத்திருக்கலாம். உம்மா பின்னலூசியை எடுத்து ஆண்டுகள் பல ஆகியிருக்கலாம். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டு அந்தப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம் அல்லவா? அப்பெட்டியோடு, அவர்களுக்கென இருந்த நட்பு வட்டத்தையும் பரணேற்றிவிடுகிறோம்.

அந்த முதியவர்களைக் காத்தது கருவி மட்டுமன்று. துன்பம் வருவதற்கு முன்பே, பல்லாண்டுப் பழக்கத்தால் அவர்கள் சேர்த்து வைத்திருந்த தோழமையே காத்தது. நோய் வந்தபின் நட்பைத் தேடத் தொடங்கினால் அது கைகூடுவது அரிது. ஆகவே உங்கள் பெரியவர்களின் கைத்திறனுக்கு வீட்டில் ஒரு மேசையும், மாதச் செலவில் ஒரு சிறு தொகையும் ஒதுக்குங்கள். அதே ஆர்வமுடைய இன்னும் நால்வரோடு அவர்களை இணைத்து வையுங்கள். வானொலியில் நாட்டமிருந்தால், இந்தியாவிலும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம்; பேரப்பிள்ளையும் பாட்டனாரும் சேர்ந்தே படிக்கலாம்.

நாள்தோறும் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கவும், பதில் வராவிட்டால் தேடி வரவும் யாரேனும் இருக்கிறார்களா? இவ்வினாவை இன்றே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று அவர் சொன்னால், முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.